கோல் இந்தியாவா, ஐடிசியா? டிவிடெண்டுக்காகப் பங்கு வாங்க நினைப்பவர்களுக்கு

டிவிடெண்டை, அதாவது கம்பெனி தன் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணத்தை, நம்பிப் பங்கு வாங்க நினைப்பவர்கள் எங்கெங்கோ சுற்றிவிட்டு கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களில்தான்: அரசின் நிலக்கரிக் கம்பெனியான கோல் இந்தியா, சிகரெட்டில் பெரிதாகச் சம்பாதிக்கும் ஐடிசி. இரண்டுக்கும் தலைமையகம் கொல்கத்தா, இரண்டும் நிஃப்டி 50-ல் இருப்பவை, இரண்டுக்கும் கடன் தொல்லை கிடையாது. போதாக்குறைக்கு 2025-ல் இரண்டின் விலையும் ஏறத்தாழ 400 ரூபாயைச் சுற்றியே திரிந்துகொண்டிருந்தது. அதனால் நமக்குக் கணக்குப் போடவும் வசதி. இரண்டையும் 400 ரூபாய்க்கே வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 10 லட்ச ரூபாய்க்கு எதை எடுத்தாலும் 2,500 பங்கு.

2024-25 நிதியாண்டுக்கு கோல் இந்தியா கொடுத்த டிவிடெண்ட் பங்குக்கு 26.50 ரூபாய். ஐடிசி கொடுத்தது 14.35 ரூபாய். ஆக, கோல் இந்தியாவில் போட்டவருக்கு வருடத்துக்கு 66,250, ஐடிசியில் போட்டவருக்கு 35,875. யீல்டு என்று சொன்னால் 6.6 சதவீதம் ஒரு பக்கம், 3.6 சதவீதம் இன்னொரு பக்கம். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'அதிக டிவிடெண்ட் தரும் 10 பங்குகள்' பட்டியலில் கோல் இந்தியா எப்போதும் மேலே இருப்பதும் ஐடிசி பல நேரம் பட்டியலிலேயே இல்லாமல் போவதும் இதனால்தான். நிறைய பேர் இந்த இடத்தோடு கணக்கை மூடிவிட்டு கோல் இந்தியாவை வாங்கிவிடுகிறார்கள்.

யீல்டு என்பது கடந்த ஒரு வருடத்தில் வந்த டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்து வருகிற எண். அவ்வளவுதான். அடுத்த வருடம் அதே தொகை வரும் என்று அதில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போய் வருடா வருடம் என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கோல் இந்தியாவில் அந்தக் கதை சுவாரசியமானது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

29 ரூபாயில் இருந்து 12 ரூபாய்க்கு

2010 நவம்பரில் கோல் இந்தியா பங்குச் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 245 ரூபாய். அப்போதைக்கு இந்தியாவின் மிகப் பெரிய ஐபிஓ அதுதான், 15,000 கோடிக்கு மேல். முதல் வருடம் 3.90 ரூபாய் டிவிடெண்ட், அடுத்து 10, அதற்கடுத்து 14. அப்புறம் 2013-14-ல் திடீரென்று 29 ரூபாய்.

அந்த 29-ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 2014 ஜனவரியில், ஒரே தவணையில், இடைக்கால டிவிடெண்டாக (ஆண்டுக் கணக்கு முடியும் முன்பே கொடுப்பது) அறிவித்தார்கள். மொத்தத் தொகை 18,317 கோடி. அன்றைக்கு கம்பெனியின் 90 சதவீதப் பங்குகள் மத்திய அரசிடம் இருந்தன. அதனால் 16,485 கோடி நேராக டெல்லி கஜானாவுக்குப் போனது, டிவிடெண்ட் மீதான வரி தனி. நிதியாண்டு முடிய இரண்டு மாதம் சொச்சம்தான் பாக்கி. நிதிப் பற்றாக்குறையை இலக்குக்குள் அடக்கிக் காட்ட வேண்டிய நெருக்கடியில் இருந்தது அரசு. அந்த வருடம் கோல் இந்தியா ஒரு பங்குக்குச் சம்பாதித்ததே சுமார் 24 ரூபாய்தான், கொடுத்தது 29. மீதி எங்கிருந்து வந்தது? முந்தைய வருடக் கணக்கின்படி 60,000 கோடிக்கு மேல் ரொக்கம் கையில் இருந்தது, அதிலிருந்து வந்தது.

இது ஒரு தடவையோடு நிற்கவில்லை. 2014-15-ல் 20.70 ரூபாய். 2015-16-ல் 27.40 ரூபாய், சம்பாதித்தது 23 ரூபாய்க்கும் குறைவு. 2016-17-ல் 19.90. 2017-18-ல் சம்பளத் திருத்தமும் கிராஜுவிட்டி வரம்பு உயர்வும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிட்டன, பங்குக்குச் சுமார் 11 ரூபாய்தான் தேறியது, ஆனாலும் 16.50 கொடுத்தார்கள். கையில் இருந்த பணம் கரையக் கரைய டிவிடெண்டும் இறங்கியது. 2018-19-ல் 13.10. 2019-20-ல் 12.

அந்தக் கடைசி வருடத்தில் லாபம் ஒன்றும் மோசமில்லை, பங்குக்கு 27 ரூபாய் வந்திருந்தது. ஆனால் கணக்கில் இருக்கும் லாபம் வேறு, பெட்டியில் இருக்கும் பணம் வேறு. மின் உற்பத்தி நிறுவனங்கள் நிலக்கரிக்கான பாக்கியை இழுத்தடித்தன, கொரோனா வேறு வந்து சேர்ந்தது.

இப்போது 2014-ல் ஓய்வு பெற்று 1,000 கோல் இந்தியா பங்கோடு வீட்டில் உட்கார்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் அவர் கணக்கில் விழுந்தது 29,000 ரூபாய். ஆறு வருடம் கழித்து 12,000. மளிகை, பால், மருந்து எல்லாம் அந்த ஆறு வருடத்தில் எங்கே போயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஏறியது உண்மை. 16, 17, 24.25, 25.50, 26.50. கொரோனாவுக்குப் பிறகு மின்தேவை எகிறியது. 2022-ல் உக்ரைன் போர் வந்து உலகச் சந்தையில் நிலக்கரி விலை எங்கோ போக, இணையவழி ஏலத்தில் விற்கும் நிலக்கரிக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் உற்பத்தியின் பெரும்பகுதி மின் நிலையங்களுக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் போவது. அதன் விலையை 2018 ஜனவரிக்குப் பிறகு 2023 மே கடைசி வரை அவர்களால் உயர்த்த முடியவில்லை. உயர்த்தியதும் உயர் ரக நிலக்கரிக்கு மட்டும், 8 சதவீதம். மின்கட்டணம் ஏறக் கூடாது என்று நினைக்கும் அரசுதான் முதலாளி என்னும்போது வேறு எப்படி இருக்கும்?

இன்னொன்று கவனித்தீர்களா? 2013-14-ல் 29. பதினொரு வருடம் கழித்து 26.50. அப்போதும் அந்தப் பழைய உச்சத்தைத் தொடவில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐபிஓவில் 245-க்கு வாங்கி இன்றுவரை விற்காமல் வைத்திருப்பவருக்கு 2024-25 வரை வந்த டிவிடெண்டுகளைக் கூட்டினால் 275 ரூபாய்க்கு மேல் வருகிறது. போட்ட முதல் முழுக்கத் திரும்பி வந்தாயிற்று, பங்கும் கையில் இருக்கிறது. 2020 அக்டோபரில் எல்லோரும் நிலக்கரி செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பங்கு 110 ரூபாய் அளவுக்கு இறங்கியது. அன்றைக்குத் துணிந்து வாங்கியவருக்கு அந்த நிதியாண்டின் 16 ரூபாயே 14 சதவீதத்துக்கு மேல். 2024-25-ன் 26.50-ஐ அவர் வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் 24 சதவீதம். அதே பங்கை 2015 ஆகஸ்டில் 440-க்கு வாங்கியவருக்கு 2019-20-ல் கிடைத்தது 2.7 சதவீதம். சேமிப்புக் கணக்கு வட்டி கூட அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே டிவிடெண்ட் வரலாறு, வாங்கிய விலை மட்டும்தான் வேறு.

ஐடிசி

ஐடிசியின் பட்டியலைப் பார்க்கும்போது முதலில் ஒரு எச்சரிக்கை. 2016-ல் இரண்டு பங்குக்கு ஒரு போனஸ் பங்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதனால் அதற்கு முந்தைய டிவிடெண்டை அப்படியே எடுத்து ஒப்பிடக் கூடாது, ஒன்றரையால் வகுத்துக்கொள்ள வேண்டும். சில இணையதளங்கள் இதைச் சரிசெய்து காட்டும், சில காட்டாது. 2013-14-ல் ஐடிசி கொடுத்தது 6 ரூபாய், போனஸைக் கணக்கில் எடுத்தால் 4 ரூபாய். அதாவது கோல் இந்தியா 29 கொடுத்த அதே வருடத்தில் இங்கே 4.

அங்கிருந்து வந்து 2024-25-ல் 14.35. பதினொரு வருடத்தில் மூன்றரை மடங்குக்கு மேல், வருடத்துக்குச் சராசரியாக 12 சதவீத வளர்ச்சி. கோல் இந்தியாவில் இதே காலத்தில் வளர்ச்சி பூஜ்யத்துக்கும் கீழே.

ஆனால் இந்த 12 சதவீதத்தை அப்படியே நம்பி அடுத்த பத்து வருடத்துக்கு நீட்டிப் போடாதீர்கள். 2018-19-ல் 5.75 ரூபாயாக இருந்தது 2019-20-ல் ஒரே தாவலில் 10.15 ஆனது. அந்த வருடம் சிகரெட் விற்பனை இரட்டிப்பு ஆகிவிடவில்லை. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் பகிர்வு வரி ஒழிந்தது, முன்பு கம்பெனி அரசுக்குக் கட்டிக்கொண்டிருந்த இருபது சதவீதச் சொச்சம் மிச்சமானது. கூடவே லாபத்தில் 80 முதல் 85 சதவீதத்தைப் பகிர்ந்துவிடுவோம் என்று நிர்வாகம் கொள்கையாகவே அறிவித்தது. இரண்டும் ஒரு தடவை மட்டும் நடக்கக்கூடிய மாற்றங்கள். இனி 80-ஐ 160 ஆக்க முடியாது. அதனால் அந்தத் தாவலுக்குப் பிறகு வந்த வளர்ச்சியை மட்டும் எடுத்துப் பார்ப்பதுதான் யோக்கியமான கணக்கு. 10.15, 10.75, 11.50, 15.50, 13.75, 14.35. ஐந்து வருடத்தில் 41 சதவீதம், வருடத்துக்கு 7 சொச்சம்.

நடுவில் 15.50-ல் இருந்து 13.75-க்கு இறங்கியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2022-23-ல் 2.75 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட் சேர்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டால் 12.75-ல் இருந்து 13.75-க்கு ஏறியதுதான் நடந்தது. சிறப்பு டிவிடெண்ட் என்று எங்கே பார்த்தாலும் அதை யீல்டு கணக்கிலிருந்து தூக்கி ஓரமாக வையுங்கள், தீபாவளி போனஸை வைத்து மாதச் சம்பளத்தை யாரும் கணக்குப் போடுவதில்லை.

ஐடிசியிடம் எனக்குப் பிடித்தது 2020-21. ஊரடங்கில் கடைகள் மூடிக்கிடந்த வருடம். லாபம் 15,136 கோடியிலிருந்து 13,032 கோடியாகக் குறைந்தது. டிவிடெண்டைக் குறைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் 10.15-ஐ 10.75 ஆக்கினார்கள். மொத்தம் 13,200 கோடிக்கு மேல், அதாவது அந்த வருட லாபத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்கு முந்தைய வருடம் கோல் இந்தியா 27 சம்பாதித்து 12 கொடுத்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, ஐடிசியில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, பெரியதே இருக்கிறது. ஆசீர்வாத் மாவு, சன்ஃபீஸ்ட் பிஸ்கட், பிங்கோ எல்லாம் கடையில் கண்ணுக்குத் தெரிந்தாலும் லாபத்தில் முக்கால்வாசிக்கு மேல் இன்னும் சிகரெட்டிலிருந்துதான் வருகிறது. வரியை எப்போது எவ்வளவு ஏற்றுவார்கள் என்பது டெல்லிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு சேர்த்து வாங்கும் செஸ் என்ற கூடுதல் வரியை ஏற்றினார்கள், மறுநாள் ஒரே நாளில் பங்கு 12 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்குப் புதிய கலால் வரி என்ற அறிவிப்பு வந்ததும் புத்தாண்டு அன்றே சுமார் 10 சதவீதம் போனது. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன்னால் ஐடிசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வயிற்றுக் கலக்கம் உண்டு, அது போகாது. 2020, 2021-ல் சந்தையே பறந்துகொண்டிருந்தபோது இந்தப் பங்கு 200 ரூபாயைச் சுற்றியே சவாரி செய்ததும், அதை வைத்து எத்தனை மீம் வந்தது என்பதும் பலருக்கு நினைவிருக்கும்.

2025 ஜனவரியில் ஹோட்டல் தொழிலைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, பத்து ஐடிசி பங்குக்கு ஒரு ஐடிசி ஹோட்டல்ஸ் பங்கு கொடுத்தார்கள். யீல்டு கணக்கில் இது பெரிய வித்தியாசம் செய்யாது. ஆனால் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு தொழில் தனியே போனது டிவிடெண்ட் பார்ப்பவர்களுக்கு நல்லதுதான் என்பது என் எண்ணம்.

பணம் யாருக்குத் தேவை என்று பாருங்கள்

இரண்டு வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். ஒரு கம்பெனியின் டிவிடெண்டை லாபம் மட்டும் முடிவு செய்வதில்லை, அதன் பெரிய முதலாளிக்கு அந்த நேரத்தில் பணம் எவ்வளவு அவசரம் என்பதும் சேர்ந்து முடிவு செய்கிறது.

கோல் இந்தியாவில் முதலாளி மத்திய அரசு, 2025-ல் அதன் பங்கு 63 சதவீதம். பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தால் டிவிடெண்ட் ஏறும், அல்லது அரசு தன் பங்கையே சந்தையில் விற்கும். 2015 ஜனவரியில் 358-க்கு விற்றது, 2023 ஜூனில் 225-க்கு விற்றது. இப்படி விற்கும் ஒவ்வொரு தடவையும் விலை அடிவாங்கும். நல்ல பக்கமும் உண்டு, பொதுத்துறை கம்பெனிகள் குறைந்தபட்சம் லாபத்தில் 30 சதவீதமாவது அல்லது நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடனைக் கழித்தது) 4 சதவீதமாவது, எது அதிகமோ அதை டிவிடெண்டாகக் கொடுக்க வேண்டும் என்பது 2024 நவம்பரில் திருத்தப்பட்ட விதிமுறை. ஆகவே கொடுக்காமல் ஏமாற்ற மாட்டார்கள். 2024-25-ல் பங்குக்கு 57 ரூபாய் சம்பாதித்து 26.50 கொடுத்திருக்கிறார்கள், பாதிக்கும் குறைவு. லாபம் கொஞ்சம் குறைந்தாலும் டிவிடெண்டைத் தாங்கிப் பிடிக்க இடம் இருக்கிறது.

ஐடிசியில் புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி, என்று யாருமே கிடையாது. பெரிய பங்குதாரர் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, அப்புறம் எல்ஐசி மாதிரி நிறுவனங்கள். இவர்கள் எல்லோருக்கும் வருடா வருடம் சீராகப் பணம் வந்தால் போதும், ஒரு வருடம் வாரிக்கொண்டு போக வேண்டிய அவசரம் இல்லை. டிவிடெண்ட் அப்படியே படிப்படியாக ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதலாளிக்கு அவசரம் தலைக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலோக, சுரங்கக் கம்பெனியான வேதாந்தாவைப் பாருங்கள். 2022-23-ல் ஐந்து தவணையாகக் கொடுத்தது 101.50 ரூபாய். 31.50, 19.50, 17.50, 12.50, 20.50. அந்த நிதியாண்டு முடியும்போது பங்கு விலை 275 வாக்கில். திரையில் யீல்டு 37 சதவீதம் என்று காட்டியது! அந்த வருடம் பங்குதாரர்களுக்கு உரிய லாபம் சுமார் 10,500 கோடி, கொடுத்த டிவிடெண்டோ 37,000 கோடிக்கு மேல். லண்டனில் இருக்கும் தாய் கம்பெனி கடனைக் கட்டப் பணம் வேண்டும், அதன் கையில் கிட்டத்தட்ட 70 சதவீதப் பங்கு, அவ்வளவுதான் விஷயம். அடுத்த வருடம் டிவிடெண்ட் 29.50. 2023 செப்டம்பரில் பங்கு 210-க்கு வந்தது. பிறகு 2024-ல் விலை நன்றாக ஏறியது, அதை மறைக்கவில்லை. ஆனால் 37 சதவீதத்தை நம்பி மாதச் செலவுக்கு வாங்கியவருக்கு அந்த ஏற்றம் வருவதற்குள் தூக்கம் போயிருக்கும்.

மின்பாதைகளை நடத்தும் அரசுக் கம்பெனியான பவர் கிரிட்டையும் சிலர் கேட்பார்கள். அது நல்ல கம்பெனிதான், ஆனால் இப்போது புதிய மின்பாதைகளில் பெரிய அளவில் முதலீடு செய்துகொண்டிருக்கிறது, டிவிடெண்ட் 2023-24-ல் 11.25-ல் இருந்து 2024-25-ல் 9-க்கு இறங்கியதே அதைச் சொல்லும். டிவிடெண்டுக்கு மட்டும் என்றால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்க மாட்டேன்.

வரி, தேதி, இன்ன பிற

2020-க்கு முன் டிவிடெண்ட் பெரும்பாலானோருக்குக் கையில் வரி இல்லாமல் வந்தது. இப்போது உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி அடுக்குக்கு ஏற்ப வரி. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு கோல் இந்தியாவின் 6.6 சதவீதம் கைக்கு வரும்போது 4.6-க்குக் கொஞ்சம் கீழே, ஐடிசியின் 3.6 சதவீதம் 2.5. ஒரே கம்பெனியிலிருந்து வருடத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 5,000. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் டிடிஎஸ் வேண்டாம் என்று படிவம் கொடுக்கலாம், மறந்துவிட்டால் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

டிவிடெண்ட் அறிவித்த பிறகு ஓடிப்போய் வாங்கி, வாங்கியதும் விற்றுவிடலாம் என்று ஒரு ஐடியா எல்லோருக்கும் ஒரு தடவை வரும். எக்ஸ் டேட் என்பது அன்றோ அதற்குப் பிறகோ வாங்கினால் அந்த டிவிடெண்ட் கிடைக்காத நாள்; அதற்கு முந்தைய வர்த்தக நாளாவது வாங்கியிருந்தால் டிவிடெண்ட் உங்களுக்கு வரும், உண்மைதான். ஆனால் எக்ஸ் டேட் அன்று காலையில் பங்கு ஏறத்தாழ அந்த அளவு குறைந்தே திறக்கும். 15.75 ரூபாய் டிவிடெண்ட் வாங்கிக்கொண்டு, அதே 15.75-ஐப் பங்கு விலையில் விட்டுவிட்டு, கிடைத்ததற்கு வரியும் கட்டுவீர்கள். தரகருக்கு மட்டும் லாபம்.

மாதா மாதம் வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கோல் இந்தியா 2024-25 வரையிலான சில வருடங்களில் நவம்பர், பிப்ரவரி வாக்கில் இரண்டு இடைக்காலத் தவணையும் ஆண்டுக் கூட்டத்தையொட்டி இறுதித் தவணையும் கொடுத்தது. ஐடிசி பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில் ஒன்று, ஜூலை கடைசி வாக்கில் ஒன்று. நடுவில் உள்ள மாதங்களுக்கு நீங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் எது?

உங்களுக்கு அல்லது உங்கள் அப்பா அம்மாவுக்கு 60 வயது ஆகிவிட்டது, அந்தப் பணத்தில்தான் வீட்டுச் செலவு ஓட வேண்டும் என்றால், முதல் பதில் இந்த இரண்டுமே இல்லை. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரலில் இருந்து 8.2 சதவீதம் தருகிறது, ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய், தேதி தவறாமல். கோல் இந்தியாவின் நல்ல வருடத்தையே இது தாண்டிவிடுகிறது, முதலும் பத்திரம். பங்குச் சந்தையில் ஆர்வம் இருக்கிறது என்பதற்காக இதை விட்டுவிட்டு டிவிடெண்ட் பங்குக்குப் போவது எனக்குப் புரிவதே இல்லை.

அதன் குறை ஒன்றுதான், ஐந்து வருடத்துக்கு அந்த 20,500 அப்படியே நிற்கும், விலைவாசி நிற்காது. ஐடிசி அங்கேதான் வருகிறது. 2024-25-ல் 35,875 தந்தது வருடத்துக்கு 7 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, சிகரெட் வரி இருக்கிறது. ஆனால் இரண்டில் ஒன்றுதான் செலவுக்கு என்று கேட்டால் யீல்டு பாதிதான் என்றாலும் ஐடிசியைத்தான் சொல்வேன்.

கோல் இந்தியாவை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதை வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கடந்த வருட டிவிடெண்டை எடுக்காமல், கடந்த பத்து வருடத்தில் மிகக் குறைவாகக் கொடுத்த தொகையை எடுத்து வகுத்துப் பாருங்கள். கோல் இந்தியாவுக்கு அது 12 ரூபாய். 400-க்கு வாங்கினால் 3 சதவீதம். 240-க்கு வாங்கினால் 5 சதவீதம். 2023 ஜூனில் அரசு 225-க்கு விற்றபோது மோசமான வருடக் கணக்கிலேயே 5.3 வந்தது, அதுதான் வாங்க வேண்டிய நேரம். ஐடிசிக்கு 2019-20-ல் இருந்து பார்த்தால் குறைந்தது 10.15, 400-க்கு 2.5 சதவீதம். இப்படிப் பார்த்தால் 6.6-க்கும் 3.6-க்கும் இருந்த பெரிய இடைவெளி 3-க்கும் 2.5-க்கும் என்று சுருங்கிவிடுகிறது. அதில் ஒன்று வளர்கிறது, இன்னொன்று ஊசலாடுகிறது.

சம்பளம் வந்துகொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர் என்றால் கதை வேறு. டிவிடெண்ட் பாதியானாலும் உங்கள் வீட்டில் அடுப்பு எரியும். கோல் இந்தியா யாருக்கும் வேண்டாதபோது வாங்கி, வரும் டிவிடெண்டை அப்படியே இன்னொரு பங்கில் போட்டுக்கொண்டே போகலாம். விலை உச்சத்தில் இருக்கும்போது, யீல்டு பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குவதுதான் கூடாது. புகையிலைப் பணம் வேண்டாம், நிலக்கரிப் பணம் வேண்டாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் மனசாட்சி, அதற்குள் நான் போகவில்லை.

10 லட்சத்தை எப்படிப் பிரிப்பேன் என்று கேட்டால், ஓய்வு பெற்றவருக்கு ஏழு லட்சம் தபால் நிலையம், இரண்டரை லட்சம் ஐடிசி, மிச்ச ஐம்பதாயிரத்தை கோல் இந்தியா 250-க்குக் கீழே வரும் நாளுக்காக ஒரு எஃப்டியில். நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை, இது என் கணக்கு மட்டும்.

வாங்கியதும் மறக்காமல் பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கில் வங்கிக் கணக்கு எண்ணும் நாமினியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வங்கிக் கணக்கை மாற்றிவிட்டு டீமேட்டில் மாற்றாமல் விட்டால் டிவிடெண்ட் திரும்பிப் போய்விடும். தொடர்ந்து ஏழு வருடம் யாரும் கேட்காமல் கிடந்தால் அந்தப் பணமும், கூடவே பங்குகளும், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம், ஆனால் அதற்கு அலையும் அலைச்சலுக்கு எந்த யீல்டும் ஈடாகாது.